எய்ட்ஸ் காலத்து மக்கள் போராட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எச்.ஐ.வி. பற்றிப் பேச நர்சிங் கல்லூரிகளுக்கோ தொண்டு நிறுவனங்களுக்கோ போனால், வைரஸைப் பற்றிய கேள்விகள் சீக்கிரம் முடிந்துவிடும். அப்புறம் வருபவைதான் என்னைக் கூடுதல் நேரம் பிடித்து வைக்கும். இந்த மாத்திரை எப்படி வந்தது? யார் கேட்டு வாங்கினார்கள்? ஒருகாலத்தில் ஏன் அவ்வளவு விலை? பதில் தேடிப் போனால் 1980களின் நியூயார்க்குக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் போய்ச் சேருவோம். நோயில் விழுந்தவர்களும் அவர்களுடைய நண்பர்களும் அங்கே நடத்திய போராட்டத்தைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

இது எப்போது தொடங்கியது?

1981 ஜூன் 5 அன்று, சி.டி.சி. எனப்படும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வாராந்தர அறிக்கையில் ஒரு சிறிய குறிப்பு வந்தது. லாஸ் ஏஞ்சலிஸில் ஐந்து இளைஞர்களுக்கு, ஆரோக்கியமான ஆட்களுக்கு வரவே வராத ஒருவகை நிமோனியா. ஐவரும் தன்பாலீர்ப்பு ஆண்கள். அடுத்த மாதமே கபோசி சர்கோமா என்ற அரிய புற்றுநோய் பற்றிய செய்தியும் வந்தது. தோலில் ஊதா நிறப் படைகளாகத் தெரியும் நோய் அது. எய்ட்ஸ் என்ற பெயர் வந்தது 1982 செப்டம்பரில். வைரஸைப் பாரிஸின் பாஸ்டர் ஆய்வகம் 1983இல் கண்டது. ரத்தப் பரிசோதனை 1985இல்தான் வந்தது. இடையில் இருந்த அந்த நாலு வருடம் தனக்கு இருக்கிறதா, எப்படித் தொற்றுகிறது, யாரைத் தொடலாம் என்று ஒருவருக்கும் நிச்சயமாகத் தெரியாது. இந்த வரலாற்றைப் படிக்கும்போது அந்த இருட்டை மறக்கக் கூடாது.

அரசாங்கம் என்ன செய்துகொண்டிருந்தது?

மிகக் குறைவாகத்தான் செய்தது. 1982இல் வெள்ளை மாளிகைச் செய்தியாளர் கூட்டத்தில் ஒரு நிருபர் எய்ட்ஸ் பற்றிக் கேட்டபோது, பேச்சாளர் கிண்டலடித்தார், அறையே சிரித்தது. அந்த ஒலிப்பதிவு இன்றும் இருக்கிறது. அதிபர் ரீகன் இந்த நோயைப் பற்றி முதலில் பொதுவெளியில் பேசியது 1985 செப்டம்பரில், அதுவும் ஒரு நிருபர் கேட்டதால். இதற்கென்றே முழு உரை நிகழ்த்தியது 1987 மே 31இல். அந்த வருடம் முடிவதற்குள் அமெரிக்காவில் 20,000க்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். அதே வருடம் செனட்டர் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ் கொண்டுவந்த திருத்தம், தன்பாலுறவை ஊக்குவிப்பதாகத் தோன்றும் எந்த எய்ட்ஸ் விழிப்புணர்வுக்கும் மத்திய அரசுப் பணம் கூடாது என்றது. யாருக்கு அதிகம் தொற்றுகிறதோ அவர்களிடம் அவர்கள் மொழியில் பேசவே முடியாதபடி சட்டமே வாயைக் கட்டியது.

அப்படியானால் முதலில் இறங்கியது யார்?

பாதிக்கப்பட்டவர்களும் அவர்களைச் சுற்றி இருந்தவர்களும்தான். 1981 ஆகஸ்டில் நியூயார்க்கில் எழுத்தாளர் லாரி கிரேமரின் வீட்டில் சுமார் 80 ஆண்கள் கூடினார்கள். ஒரு மருத்துவர் நிலைமையை விளக்கினார், ஆராய்ச்சிக்கென்று அங்கேயே பணம் வசூலித்தார்கள். அடுத்த ஜனவரியில் அந்தக் கூட்டமே ‘கே மென்ஸ் ஹெல்த் கிரைசிஸ்’ என்ற அமைப்பாக ஆனது. அதன் முதல் உதவித் தொலைபேசி ஒரு தொண்டரின் வீட்டு போன். முதல் இரவிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட அழைப்புகள். அப்புறம் ‘துணைவர்’ திட்டம் வந்தது. முன்பின் தெரியாத ஒரு நோயாளியின் வீட்டுக்கு ஒரு தொண்டர் போவார். துணி துவைப்பார், கடைக்குப் போவார், ஆஸ்பத்திரிக் காகிதங்களை நிரப்பித் தருவார், ஒன்றும் செய்ய இல்லாதபோது பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். சில ஆஸ்பத்திரிகளில் ஊழியர்கள் சாப்பாட்டுத் தட்டை அறைக்கு வெளியே வைத்துவிட்டுப் போன காலம் அது. தட்டை உள்ளே எடுத்துப்போய் ஊட்டியவர்களும் இந்தத் தொண்டர்கள்தான்.

சான் பிரான்சிஸ்கோவில் பாபி கேம்ப்பெல் என்ற ஆண் செவிலியருக்கு 1981இல் கபோசி சர்கோமா வந்தது. தன் காலில் இருந்த புண்களைப் படம் எடுத்து, தன்பாலீர்ப்பாளர்கள் அதிகம் வாழ்ந்த காஸ்ட்ரோ பகுதியின் ஒரு மருந்துக் கடைக் கண்ணாடியில் ஒட்டினார். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துத் தங்கள் உடம்பில் அப்படி இருக்கிறதா என்று தேடட்டும் என்பதுதான் நோக்கம். அதே நகரின் பொது மருத்துவமனையில் 1983 ஜூலையில் 5பி என்ற வார்டு திறந்தது. அங்கே வேலைக்கு வந்த செவிலியர்கள் தாங்களாக முன்வந்தவர்கள். தொடுவதால் தொற்றாது என்று தெரிந்த பிறகு, தேவையில்லாத இடங்களில் கையுறையும் முகமூடியும் இல்லாமல் நோயாளியின் கையைப் பிடித்தார்கள். யார் பார்க்க வரலாம், யார் குடும்பம் என்பதை நோயாளியே முடிவு செய்தார். நர்சிங் மாணவிகளிடம் இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன். போராட்டம் என்றால் கொடி பிடிப்பது மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்கு இந்த வார்டைக் காட்ட வேண்டும்.

பெண்கள் இதில் இருந்தார்களா?

ஆரம்பத்திலிருந்தே இருந்தார்கள். தன்பாலீர்ப்பு ஆண்கள் ரத்தம் கொடுக்கக் கூடாது என்று தடை வந்தபோது, சான் டியேகோவில் தன்பாலீர்ப்புப் பெண்கள் 1983இல் ‘ரத்தச் சகோதரிகள்’ என்ற பெயரில் ரத்த தான முகாம் நடத்தினார்கள். பெண்ணிய இயக்கத்திலும் கருக்கலைப்பு உரிமைப் போராட்டத்திலும் பழகிய பெண்கள்தான், போலீஸ் தூக்கும்போது உடம்பை எப்படித் தளர்த்துவது என்பது வரை ஆண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பெண் நோயாளிகளுக்கு நடந்த அநியாயம் தனிக் கதை, கீழே வருகிறது.

டென்வர் அறிக்கை என்பது என்ன?

1983 ஜூனில் டென்வர் நகரில் ஒரு சுகாதார மாநாடு. அதற்கு வந்திருந்த ஒரு சிறு நோயாளிக் குழு, அவர்களில் கேம்ப்பெல்லும் நியூயார்க்கின் பாடகர் மைக்கேல் கேலனும் உண்டு, ஓர் அறிக்கை எழுதி மேடையேறி வாசித்தது. எங்களைப் பரிதாபத்துக்குரியவர்களாகக் காட்டாதீர்கள், நாங்கள் எய்ட்ஸோடு வாழும் மனிதர்கள் என்றது அது. எங்களைப் பற்றி முடிவெடுக்கும் ஒவ்வொரு குழுவிலும் எங்களுக்கு இடம் வேண்டும். சிகிச்சையை ஏற்கவும் மறுக்கவும் உரிமை வேண்டும். காதலும் உடலுறவும் உள்ள முழு வாழ்க்கை வேண்டும். அன்று நோயாளிகள் இப்படிப் பேசும் வழக்கமே கிடையாது. இன்று உலகெங்கும் எச்.ஐ.வி. திட்டங்களில் பாசிட்டிவ் நபர்களை, அதாவது தொற்று உள்ளவர்களை, குழுவில் சேர்க்க வேண்டும் என்ற விதி இருக்கிறதே, அதன் வேர் அந்த மேடையில் இருக்கிறது.

அதே வருடம் கேலனும் நண்பர் ரிச்சர்ட் பெர்கோவிட்ஸும், மருத்துவர் ஜோசப் சோனபெண்டின் ஆலோசனையோடு, பாதுகாப்பான உடலுறவு பற்றி ஒரு சிறுநூல் போட்டார்கள். காரணமான வைரஸே உறுதியாகாத நேரத்தில் ஆணுறை போடச் சொன்ன நூல் அது. அரசாங்கம் செய்திருக்க வேண்டியதை இரண்டு நோயாளிகள் கைக்காசு போட்டுச் செய்தார்கள்.

ஆக்ட் அப் எப்படி உருவானது?

1987 மார்ச் 10 அன்று, மன்ஹாட்டனில் உள்ள தன்பாலீர்ப்பாளர் சமூக மையத்தில் லாரி கிரேமர் பேசினார். அரங்கில் ஒரு பகுதியினரை எழுந்து நிற்கச் சொன்னார். நிற்பவர்கள் ஐந்து வருடத்தில் இறந்துவிடக்கூடும், என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார். இரண்டே நாளில் ஆக்ட் அப் என்ற போராட்ட அமைப்பு பிறந்தது. மார்ச் 24 அன்று நியூயார்க்கின் பங்கு வியாபாரத் தெருவான வால் ஸ்ட்ரீட்டில் முதல் மறியல். 17 பேர் கைது.

தலைவர் என்று ஒருவர் இல்லை. திங்கட்கிழமை இரவு யார் வேண்டுமானாலும் வரலாம், பேசலாம், ஓட்டுப் போடலாம். விளம்பரத் துறை ஆட்கள், நாடகக்காரர்கள், பங்குச் சந்தை வியாபாரிகள், மாணவர்கள், வேலையிழந்த நோயாளிகள் எல்லாரும் ஒரே அறையில். கூச்சலும் சண்டையும் நிறைய, கூடவே காதலும் உண்டு. போன வாரம் பேசியவர் இந்த வாரம் இறந்திருப்பார், அவர் பெயரை வாசித்துவிட்டு அடுத்த பொருளுக்குப் போவார்கள்.

கறுப்புப் பின்னணியில் இளஞ்சிவப்பு முக்கோணம், கீழே ‘மௌனம் = மரணம்’ என்ற சுவரொட்டியைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதை உருவாக்கியது ஆக்ட் அப் அல்ல. அமைப்பு பிறப்பதற்குக் கொஞ்சம் முன்பே ஆறு நண்பர்கள் சேர்ந்து செய்து, நகரச் சுவர்களில் இரவோடு இரவாக ஒட்டியது. நாஜி முகாம்களில் தன்பாலீர்ப்பு ஆண்களின் சட்டையில் தைத்த முக்கோணத்தைத் தலைகீழாகத் திருப்பி எடுத்தார்கள்.

தெருவில் கத்தினால் மருந்து வந்துவிடுமா?

எல்லா இடத்திலும் வரும் கேள்வி. கத்தினால் மட்டும் வராது. கத்தியவர்கள் இரவில் உட்கார்ந்து படித்தார்கள் என்பதைப் பலரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

ஐரிஸ் லாங் என்ற பெண்மணியிலிருந்து தொடங்குகிறேன். மருந்து வேதியியலில் பல வருட அனுபவம். எய்ட்ஸ் வந்த ஒருவரைக்கூட நேரில் அறியாதவர், தன்பாலீர்ப்பாளரும் அல்ல. ஆக்ட் அப் கூட்டத்துக்கு வந்து, உங்களுக்கு மருந்துகளைப் பற்றியும் அவற்றை அரசு சோதிக்கும் முறையைப் பற்றியும் ஒன்றும் தெரியவில்லை, நான் சொல்லித்தருகிறேன் என்றார். அவரைச் சுற்றி ஒரு படிப்பு வட்டம் சேர்ந்தது. ஜிம் ஐகோ எழுத்தாளர். மார்க் ஹாரிங்டனுக்கு விஞ்ஞானப் பட்டம் கிடையாது. புரியாத சொற்களை எல்லாம் திரட்டி, விளக்கத்தோடு ஓர் அகராதி தயாரித்து எல்லாருக்கும் கொடுத்தார். இவர்கள்தான் ‘சிகிச்சை மற்றும் தரவு’ குழு.

அவர்கள் படித்துக் கண்டுபிடித்தது என்ன? சிக்கல் மருந்துச் சோதனையின் அமைப்பிலேயே இருந்தது. ஒரு புது மருந்தைச் சோதிக்கும்போது பாதிப் பேருக்கு மருந்தும் மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரையும் கொடுப்பார்கள். யாருக்கு எது என்று ஒருவருக்கும் தெரியாது. விஞ்ஞானத்துக்கு அது சரியான முறைதான். ஆனால் வேறு மருந்தே இல்லாத, சில மாதங்களில் சாகப்போகிறவரிடம் வெற்று மாத்திரையைக் கொடுத்தால்? 1986இல் ஏ.இசட்.டி. என்ற எய்ட்ஸ் மருந்தைச் சோதித்தபோது, வெற்று மாத்திரை பெற்றவர்களில் 19 பேரும் மருந்து பெற்றவர்களில் ஒருவரும் இறந்ததால் சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள். சோதனையில் இருந்தவர்கள் மாத்திரைகளைப் பகிர்ந்துகொண்டார்கள், எல்லாருக்கும் பாதியாவது கிடைக்கட்டுமே என்று. சிலர் தனியார் ஆய்வகத்தில் கொடுத்து, உள்ளே இருப்பது மருந்தா மாவா என்று பார்த்தார்கள். ஆக, மனிதாபிமானம் இல்லாத சோதனை விஞ்ஞானமாகவும் தோற்கும் என்று எடுத்துக் காட்டினார்கள். மற்ற மருந்துகளைச் சாப்பிடுகிறவர்கள், போதை ஊசி போடுகிறவர்கள் என்று நிஜ நோயாளிகளை ஒதுக்கி வைக்கும் சோதனை யாருக்குப் பயன்படும் என்றும் கேட்டார்கள்.

1988 அக்டோபர் 11 அன்று, மேரிலாந்து மாநிலம் ராக்வில்லில் இருக்கும் எஃப்.டி.ஏ. தலைமையகத்தை, அதாவது மருந்துக்கு ஒப்புதல் தரும் அலுவலகத்தை, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சூழ்ந்தார்கள். அட்டையில் வெட்டிய கல்லறைக் கற்களைத் தலைமாட்டில் வைத்துத் தரையில் படுத்தார்கள். சுமார் 180 பேர் கைது. அன்றைக்கு அலுவலகம் நடக்கவில்லை. அந்தப் போராட்டத்துக்கு முன் அவர்கள் ஒரு கையேடு தயாரித்திருந்தார்கள். எந்த விதியை எப்படி மாற்ற வேண்டும் என்று வரிசையாக அதில் இருந்தது. செய்தியாளர்கள் கேட்டால் சொல்ல ஒவ்வொருவரிடமும் பதில் இருந்தது.

பலன் வந்தது. சோதனையில் சேர முடியாதவர்களும் அதே மருந்தைப் பக்கவாட்டில் பெறலாம் என்ற ‘இணைப்பாதை’ யோசனை இந்தக் குழுவினுடையது. தேசியத் தொற்றுநோய் ஆய்வு நிறுவனத்தின் தலைவர் ஆந்தனி ஃபவுச்சி 1989 ஜூனில் அதை ஏற்றார். டி.டி.ஐ. என்ற மருந்து ஒப்புதல் பெறும் முன்பே ஆயிரக்கணக்கானோருக்குக் கிடைத்தது அதனால்தான். ஃபவுச்சியை ஒரு வருடம் முன்புதான் கிரேமர் பத்திரிகையில் திறந்த மடல் எழுதி, திறமையற்ற முட்டாள் என்று திட்டியிருந்தார். ஃபவுச்சி கதவைச் சாத்தவில்லை. போராட்டக்காரர்களை உட்காரவைத்துப் பேசினார். 1990 மே மாதம் அவருடைய நிறுவன வளாகத்தையே ஆக்ட் அப் முற்றுகையிட்டது. அதே வருடம் ஆய்வுக் குழுக்களில் நோயாளிகளுக்கு இடம் கிடைத்தது. தெருவும் மேசையும் சேர்ந்தே வேலை செய்தன. ஒன்றை எடுத்துவிட்டு மற்றதைப் புகழ்வது இந்த வரலாற்றுக்குச் செய்யும் துரோகம் என்பேன்.

மருந்து விலைக்கு எதிராக என்ன செய்தார்கள்?

1987 மார்ச்சில் ஏ.இசட்.டி.க்கு ஒப்புதல் கிடைத்தபோது, ஒரு வருடத்துக்கான செலவு சுமார் 10,000 டாலர். உலகத்திலேயே விலை கூடிய மருந்துகளில் ஒன்று என்று அப்போது பேசப்பட்டது. தயாரித்தது பர்ரோஸ் வெல்கம்.

1989 செப்டம்பர் 14 காலை, கோட் சூட் போட்ட ஏழு பேர் போலி அடையாள அட்டைகளோடு நியூயார்க் பங்குச் சந்தைக்குள் நுழைந்தார்கள். அவர்களில் பீட்டர் ஸ்டேலி முன்பு பத்திர வியாபாரி, தானும் பாசிட்டிவ். ஐந்து பேர் வர்த்தகத் தளத்துக்கு மேலே இருந்த மாடத்தில் ஏறி, கைப்பிடிக் கம்பியில் தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டார்கள். ஒன்பதரை மணிக்குச் சந்தை திறக்கும் மணி அடித்த நேரத்தில், கையில் கொண்டுவந்த, கப்பலில் அடிப்பதுபோன்ற பெருஞ்சத்த ஹாரன்களை ஒலித்தார்கள். மணிச் சத்தம் அமுங்கிப்போனது. ‘வெல்கம் பங்கை விற்றுவிடு’ என்ற பதாகை தொங்கியது. போலி நூறு டாலர் தாள்கள் கீழே பறந்தன. மற்ற இருவர் படம் எடுத்து, அதை வெளியே செய்தி நிறுவனத்திடம் சேர்த்தார்கள். சில நாட்களிலேயே கம்பெனி விலையை 20 சதவீதம் குறைத்தது.

மருந்தே இல்லாதபோது எப்படிச் சமாளித்தார்கள்?

தாங்களே வாங்கினார்கள். நியூயார்க், சான் பிரான்சிஸ்கோ, டல்லாஸ் எனப் பல நகரங்களில் ‘கொள்முதல் சங்கங்கள்’ முளைத்தன. வெளிநாட்டில் கிடைத்த, அமெரிக்காவில் ஒப்புதல் இல்லாத மருந்துகளை மொத்தமாக வரவழைத்து, அடக்க விலைக்கே பங்கிட்டார்கள். அதில் வேலை செய்யாத மருந்துகளும் உண்டு. முட்டைக் கருவிலிருந்து எடுத்த ஏ.எல். 721 என்ற கொழுப்புக் கலவைமேல் எவ்வளவோ பேர் நம்பிக்கை வைத்தார்கள், அது ஒன்றும் செய்யவில்லை.

பெண்டமிடின் கதை வேறு. நோயாளிகளை அதிகம் கொன்றது நிமோனியாதான். பெண்டமிடின் மருந்தை நுண்துளிகளாக உள்ளிழுத்தால் அதைத் தடுக்கலாம் என்று ஊர் மருத்துவர்கள் கண்டார்கள். பெரிய நிறுவனங்கள் சோதனைக்கு இழுத்தடித்தபோது, நியூயார்க்கில் கேலனும் சோனபெண்டும் தொடங்கிய சமூக ஆய்வு அமைப்பும், சான் பிரான்சிஸ்கோ மருத்துவர் கூட்டமைப்பும் தங்கள் நோயாளிகளிடமே சோதனை நடத்தின. அந்தத் தரவை வைத்து 1989இல் எஃப்.டி.ஏ. ஒப்புதல் கொடுத்தது. பக்கத்துத் தெரு கிளினிக்கில் சேகரித்த தரவால் ஒரு மருந்து ஒப்புதல் பெற்றது.

பெண் நோயாளிகளுக்கு என்ன நடந்தது?

சி.டி.சி. வகுத்த எய்ட்ஸ் வரையறை பெரும்பாலும் ஆண்களைப் பார்த்து எழுதியது. அதில் இருந்த நோய்கள் வந்தால்தான் ‘எய்ட்ஸ்’, ஊனமுற்றோர் உதவித்தொகையும் அப்போதுதான் எளிதாகக் கிடைக்கும். எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயும் இடுப்புக்குழித் தொற்றும் திரும்பத் திரும்ப வந்தன. அவை பட்டியலில் இல்லை. எனவே கணக்கிலும் இல்லை, உதவித்தொகையும் இல்லை. பெண்களுக்கு எய்ட்ஸ் வருவதில்லை, எய்ட்ஸால் செத்து மட்டும் போகிறார்கள் என்பதுதான் அன்றைய முழக்கம்.

1990இல் வழக்கறிஞர் டெர்ரி மெக்கவர்ன் அரசின் மீது வழக்குப் போட்டார். ஆக்ட் அப் பெண்கள் அட்லாண்டாவில் சி.டி.சி. அலுவலகத்தின் முன் மறியல் செய்தார்கள். இவர்களில் கட்ரீனா ஹாஸ்லிப் என்ற பெயரை நான் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லிவிடுவேன். கறுப்பினப் பெண், முஸ்லிம், நியூயார்க்கின் பெட்ஃபோர்டு ஹில்ஸ் சிறையில் கைதி. சிறைக்குள் பாசிட்டிவ் பெண்களைச் சக கைதிகள் தொட அஞ்சிய நேரத்தில், 1988இல் அங்கே கைதிகளே தொடங்கிய ஆலோசனை அமைப்பில் முன்னின்றவர். சட்ட நூலகத்தில் உட்கார்ந்து சட்டம் கற்றவர். வெளியே வந்ததும் நேராகப் போராட்டத்துக்கு வந்தார். 1993 ஜனவரி 1 முதல் புதிய வரையறை நடைமுறைக்கு வந்தது. கருப்பைவாய்ப் புற்றுநோய், காசநோய், மீண்டும் மீண்டும் வரும் நிமோனியா எல்லாம் சேர்ந்தன. ஹாஸ்லிப் அதற்கு முந்தைய மாதம் இறந்துபோனார். இறக்கும்வரை அரசின் கணக்குப்படி அவருக்கு எய்ட்ஸ் இல்லை.

போதை ஊசி போடுபவர்களுக்காக யாராவது பேசினார்களா?

பேசினார்கள், சட்டத்தை மீறியே பேசினார்கள். நியூயார்க்கில் அப்போது மருத்துவர் சீட்டு இல்லாமல் ஊசி வைத்திருப்பதே குற்றம். அதனால் ஒரே ஊசி பல கை மாறியது. 1990இல் ஆக்ட் அப் தொண்டர்கள் மன்ஹாட்டனின் லோயர் ஈஸ்ட் சைடில் பகிரங்கமாகச் சுத்தமான ஊசி கொடுத்துக் கைதானார்கள். கைதாவதுதான் திட்டமே. உயிரைக் காக்க வேறு வழியில்லை என்று நீதிமன்றத்தில் வாதாடினார்கள். 1991இல் நீதிபதி ஏற்று விடுதலை செய்தார். அடுத்த வருடம் மாநிலமே ஊசி மாற்றுத் திட்டத்தை அனுமதித்தது.

வெள்ளைக்கார ஆண்களின் இயக்கம் என்கிறார்களே?

ஓரளவு நியாயமான குறைதான். மைக் பிடித்தவர்களில் அவர்கள் அதிகம், காப்பீடும் தொடர்புகளும் அவர்களிடம்தான் இருந்தன. ஆனால் இயக்கம் அவர்களோடு முடியவில்லை. ஹைத்தி நாட்டவர் யாரும் ரத்தம் கொடுக்கக் கூடாது என்று எஃப்.டி.ஏ. சொன்னபோது, 1990 ஏப்ரல் 20 அன்று பல பத்தாயிரம் ஹைத்தியர்கள் புரூக்ளின் பாலத்தைக் கடந்து பேரணி போனார்கள். பாலமே அதிர்ந்தது என்பார்கள். அந்த வருட முடிவுக்குள் தடை போனது. ஆக்ட் அப் நடத்திய பெரும்பாலான போராட்டங்களைவிட அது பெரிய கூட்டம். ஆனாலும் எய்ட்ஸ் வரலாற்றைச் சொல்பவர்கள் பலரும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நியூயார்க்கில் கறுப்பினத்தவர் அதிகம் வாழ்ந்த ஹார்லெமில் பெர்னெசா சீல் என்ற பெண் 1989இல் தேவாலயங்களையும் மசூதிகளையும் சேர்த்து ஒரு பிரார்த்தனை வாரம் நடத்தி, மதத் தலைவர்களை இந்த நோயைப் பற்றி வாய் திறக்க வைத்தார்.

தேவாலயத்துக்குள் புகுந்தது சரியா?

1989 டிசம்பர் 10, நியூயார்க்கின் செயின்ட் பேட்ரிக் கத்தோலிக்கப் பேராலயம். பள்ளிகளில் ஆணுறை பற்றிப் பேசுவதை அதன் தலைவர் கார்டினல் ஓ’கானர் எதிர்த்தது ஒரு முக்கியக் காரணம். வெளியே சுமார் 4,500 பேர். உள்ளே பூசை நேரத்தில் சிலர் நடைபாதையில் படுத்தார்கள், சிலர் கத்தினார்கள். ஒருவர், பூசையில் புனிதமாகக் கொடுக்கும் நற்கருணை அப்பத்தை நொறுக்கினார். மொத்தம் 111 பேர் கைது. கேட்டால் என் பதில் இதுதான்: கார்டினலை எதிர்த்தது சரி, அப்பத்தை நொறுக்கியது தவறு. அங்கே முழங்காலிட்டிருந்தவர்களில் எய்ட்ஸில் மகனை இழந்த தாயும் இருந்திருக்கலாம்.

துக்கத்தை எப்படித் தாங்கினார்கள்?

துக்கத்தையும் பொதுவில் வைத்தார்கள். 1985 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் கிளீவ் ஜோன்ஸ், இறந்தவர்களின் பெயர்களை அட்டையில் எழுதச் சொல்லி, அரசுக் கட்டடத்தின் சுவர் முழுக்க ஒட்ட வைத்தார். தூரத்திலிருந்து பார்த்தால் ஒட்டுத்துணிப் போர்வைபோல் இருந்ததாம். அதிலிருந்து பிறந்ததுதான் பெயர்ப் போர்வைத் திட்டம். ஒவ்வொரு துண்டும் மூன்றடிக்கு ஆறடி, ஒரு புதைகுழியின் அளவு. ஜீன்ஸ், பொம்மை, காதல் கடிதம், ஷூ லேஸ் என்று கிடைத்ததை எல்லாம் வைத்துத் தைத்தார்கள். 1987 அக்டோபர் 11 அன்று வாஷிங்டன் புல்வெளியில் 1,920 துண்டுகள் விரிக்கப்பட்டன. இன்று அது 50,000 துண்டுகளைத் தொட்டுவிட்டது.

எல்லாருக்கும் போர்வை போதவில்லை. 1992 அக்டோபரில், அதே போர்வை வாஷிங்டனில் விரிந்திருந்த நாளில், ஒரு கூட்டம் தங்கள் காதலர்களின், பிள்ளைகளின் சாம்பலைக் கையில் எடுத்துப்போய் வெள்ளை மாளிகை வேலிக்கு மேலாகப் புல்வெளியில் வீசியது. அழகான நினைவுச்சின்னம் வேண்டாம், இவர்களைக் கொன்றது யார் என்று பாருங்கள் என்றார்கள். இரண்டும் எனக்கு ஒரே அன்பாகத்தான் தெரிகின்றன.

மருந்து வந்த பிறகு இயக்கம் என்ன ஆனது?

அதற்கு முன்பே பிளவு வந்துவிட்டது. சிலர் விஞ்ஞானிகளோடு நெருங்கிவிட்டார்கள் என்ற கோபத்தில் ஆக்ட் அப்புக்குள் சண்டை முற்ற, 1992 தொடக்கத்தில் சிகிச்சைக் குழுவின் முக்கியமானவர்கள் ‘டாக்’ (சிகிச்சைச் செயல் குழு) என்ற தனி அமைப்பாகப் பிரிந்தார்கள். 1993இல் கான்கார்ட் ஆய்வு, ஏ.இசட்.டி.யை மட்டும் சீக்கிரமே தொடங்குவதால் ஆயுள் கூடவில்லை என்று காட்டியது. சீக்கிரம் கொடு என்று கேட்டவர்கள், சரியாகச் சோதித்துக் கொடு என்றும் கேட்கத் தொடங்கினார்கள். அப்படி மாறுவதற்கு நேர்மை வேண்டும்.

அமெரிக்காவில் 1995இல் மட்டும் சுமார் 50,000 பேர் இறந்தார்கள். 1995 கடைசியிலிருந்து, வைரஸ் பெருகுவதைத் தடுக்கும் புரோட்டியேஸ் தடுப்பு மருந்துகள் வந்தன. மூன்று மருந்துகளைச் சேர்த்துச் சாப்பிட்டால் வைரஸ் அடங்குகிறது என்று 1996 வான்கூவர் மாநாட்டில் உறுதியானது. 1997இல் இறப்பு முந்தைய வருடத்தைவிட 47 சதவீதம் குறைந்தது. படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து வேலைக்குப் போனார்கள். கேலன் 1993 டிசம்பரிலேயே போய்விட்டார்.

ஏழை நாடுகளுக்கு அந்த மருந்து எப்படிப் போனது?

சும்மா போகவில்லை. தென்னாப்பிரிக்காவில் 1998 டிசம்பர் 10 அன்று ஸாக்கி அக்மத்தும் நண்பர்களும் டி.ஏ.சி. எனப்படும் சிகிச்சைப் போராட்ட இயக்கத்தைத் தொடங்கினார்கள். அதே மாதம், தான் பாசிட்டிவ் என்று வெளியே சொன்ன குகு தலமினி என்ற பெண் அடித்துக் கொல்லப்பட்டார். அதற்குப் பதிலாக ‘எச்.ஐ.வி. பாசிட்டிவ்’ என்று எழுதிய டி-சர்ட்டை ஆயிரக்கணக்கானோர் போட்டார்கள், தொற்று இல்லாதவர்களும்தான். எல்லாருக்கும் கிடைக்கும்வரை நான் சாப்பிட மாட்டேன் என்று அக்மத் 2003 வரை மருந்தை மறுத்தார். மலிவு மருந்தை அனுமதிக்கும் சட்டத்தை எதிர்த்து 39 மருந்துக் கம்பெனிகள் போட்ட வழக்கு, உலகெங்கும் எழுந்த எதிர்ப்பால் 2001 ஏப்ரலில் வாபஸ் ஆனது.

அதே 2001 பிப்ரவரியில் மும்பையின் சிப்லா, ஒரு வருட மருந்தை 350 டாலருக்குத் தருவதாக எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பிடம் சொன்னது. பணக்கார நாடுகளில் அப்போது 10,000 டாலருக்கும் மேல். வியாபாரமும் போராட்டமும் அபூர்வமாக ஒரே பக்கம் நின்ற தருணம்.

தமிழ்நாட்டுக்கு இதில் பங்கு உண்டா?

உண்டு. இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டதே சென்னையில்தான். 1986இல் மருத்துவர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் மாணவி நிர்மலா பாலியல் தொழிலாளர்களிடமிருந்து சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.யில் பரிசோதிக்கப்பட்டன. போராட்டம் என்று பார்த்தால், நாமக்கல்லைச் சேர்ந்த பி. கௌசல்யாவும் தோழிகளும் 1998இல் சென்னையில் தொடங்கிய பாசிட்டிவ் பெண்கள் அமைப்பைச் சொல்ல வேண்டும். கணவனிடமிருந்து தொற்றி, கணவன் இறந்ததும் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட பெண்களுக்குச் சொத்துரிமையும் கௌரவமும் கேட்டுத் தொடங்கிய அமைப்பு அது. 2004 ஏப்ரலில் அரசு இலவச ஏ.ஆர்.டி., அதாவது வைரஸை அடக்கும் கூட்டு மருந்து, தரத் தொடங்கியபோது முதல் மையங்களில் தாம்பரம் மருத்துவமனையும் ஒன்று.

குழந்தைகளுக்கான நெவிரபின் என்ற எச்.ஐ.வி. மருந்துச் சிரப்புக்கு ஒரு ஜெர்மன் கம்பெனி காப்புரிமை கேட்டபோது, இந்தப் பெண்கள் அமைப்பும் இந்திய எச்.ஐ.வி. நபர்கள் கூட்டமைப்பும் எதிர்மனு போட்டன. 2008இல் காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. நியூயார்க் திங்கட்கிழமைக் கூட்டத்துக்காரர்கள் செய்ததைத்தான் இவர்களும் செய்தார்கள்: நிபுணர்களின் காகிதத்தை எடுத்து, வரி வரியாகப் படித்து, பதில் எழுதினார்கள்.

இப்போதும் போராட ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தபோது, ஆப்பிரிக்காவில் பல எச்.ஐ.வி. கிளினிக்குகள் பூட்டப்பட்டன. அதே வருடம் ஜூனில் எச்.ஐ.வி. தொற்றாமல் காக்கும் லெனகாபவிர் என்ற ஊசிக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட்டால் போதும். அப்போது அங்கே அதன் பட்டியல் விலை வருடத்துக்கு 28,000 டாலருக்கும் மேல். ஐதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸும் ஹெட்டரோவும் 2027 முதல் 120 நாடுகளுக்கு வருடம் சுமார் 40 டாலருக்குத் தரப்போவதாக அறிவித்திருக்கின்றன. அந்த 120 நாடுகளில் பிரேசிலும் அர்ஜென்டினாவும் மெக்சிகோவும் பெருவும் இல்லை. அந்த ஊசியை முதலில் தங்கள் உடம்பில் போட்டுச் சோதித்தவர்களில் இந்த நாலு நாட்டு மக்களும் இருந்தார்கள், இப்போது அதே மருந்தைக் கேட்டு நிற்கிறார்கள்.